காலாவதி ஆன அன்னிக்கு

எனக்கு வாய் ஜாஸ்தி. இதை நானே சொல்லிடறேன், அடுத்தவங்க சொல்லி நீங்க கேக்க வேணாம். செங்கம் ரோட்டுல ரமணாசிரமம் தாண்டி ரெண்டாவது சந்துல எங்க வீடு. மாடியில நாலு ரூமை வாடகைக்கு விட்டிருக்கோம். பதினெட்டு வருஷமா வெளிநாட்டுக்காரங்க வந்து தங்கறாங்க. அவங்ககிட்ட பேசிப் பேசியே இங்கிலீஷ் கத்துக்கிட்டேன். இலக்கணம் எல்லாம் கேக்காதீங்க, சண்டை போடற அளவுக்கு வரும், அது போதும். அந்த வாயாலதான் என் தம்பி கோபியோட வேலைக்கு வேட்டு வெச்சேன்.

கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் கலைஞ்சு ஊர் கொஞ்சம் மூச்சு விட்டுக்கிட்டிருந்த நேரம். அமெரிக்காவுலேர்ந்து ஒரு அம்மா ரெண்டு மாசத்துக்கு ரூம் கேட்டு வந்தாங்க. பேரு மரிசோல். நாப்பது வயசு, என் வயசுதான். அமெரிக்கான்னா வெள்ளையா இருப்பாங்கனு பார்த்தா நம்ம ஊர் பொண்ணு மாதிரி மாநிறம், கருகருனு முடி. பஸ் ஸ்டாண்டுல ஆட்டோக்காரர் "எங்கம்மா போணும்?"னு தமிழ்லயே கேட்டாராம்.

வெளிநாட்டுக்காரங்க வந்து தங்கினா ஒரு நாளுக்குள்ள அவங்க விவரத்தை கம்ப்யூட்டர்ல ஏத்தணும். சி ஃபாரம்னு பேரு. அதை நிரப்ப உக்காந்தேன். தொழில் என்னனு கேட்டேன். "கிரிமினாலஜிஸ்ட்"னாங்க. கிரிமினல்னு ஆரம்பிச்சதுமே எனக்கு பக்குனு ஆயிடுச்சு. "போலீஸா?"னேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. டாக்டர் பட்டம் வாங்கி காலேஜ்ல பாடம் எடுக்கறவங்களாம். ஒரு ஆளை எப்படி குற்றவாளி ஆக்கறாங்கன்னு ஆராயற படிப்பு. அதுலயும் இவங்க பார்க்கறது, மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துலேர்ந்து அமெரிக்காவுக்குப் பொழைக்கப் போன, ஸ்பானிஷ் பேசற குடும்பங்களை. விசா காகிதம் சரியில்லனு பிடிச்சு உள்ள போடறாங்க இல்ல, அந்த ஜனங்களை. இருநூறு பேர்கிட்ட பேசிட்டு, அதைப் புஸ்தகமா எழுத அமைதியான ஊர் வேணும்னு இங்க வந்திருந்தாங்க. பௌர்ணமிக்கு இங்க எத்தனை லட்சம் பேர் நடப்பாங்கனு யாரும் அவங்களுக்குச் சொல்லல போல.

காலையில காபி கொண்டு போனா பேச்சு நீளும். அவங்க இங்கிலீஷ்ல சொன்னதை என் தமிழ்ல சொல்றேன்.

"எல்லார்கிட்டயும் நான் முதல்ல கேக்கறது ஒரே கேள்விதான், தனம். உங்க காகிதம் காலாவதி ஆன அன்னிக்கு நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"என்ன சொல்வாங்க?"

"தக்காளி பறிச்சேன்பாங்க. பாத்திரம் கழுவினேன்பாங்க. பிள்ளையை ஸ்கூல்ல விட்டேன்பாங்க. முந்தின நாள் என்ன செஞ்சாங்களோ அதையேதான்."

காலி டம்ளரை எடுக்காம அங்கயே நின்னுட்டேன். ஏன்னா எங்க வீட்லயும் அப்படி ஒருத்தன் இருக்கான்.

கோபி என்னைவிட ஒன்பது வயசு சின்னவன். கீழ்பென்னாத்தூர்ல அம்மாகூட இருக்கான். நாலு வருஷம் முன்னாடி மலேசியாவுக்கு ஓட்டல் வேலைக்குப் போனான். முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்கிட்டார். வேலை பர்மிட்டைப் புதுப்பிக்கறேன் புதுப்பிக்கறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரே தவிர செய்யல. ஏஜென்ட்டு போனை எடுக்கல. ஒருநாள் ஓட்டலுக்கு ரெய்டு வந்து, கோபியைக் கூட்டிட்டுப் போய் ஒரு முகாம்ல நூத்தி பத்து நாள் அடைச்சு வெச்சு, அப்புறம் விமானம் ஏத்தி அனுப்பிட்டாங்க. ஊர்ல யாருக்கும் இது தெரியாது. கம்பெனி மூடிட்டாங்க, வந்துட்டான்னு சொல்லி வெச்சோம்.

வந்தவன் பழைய கோபி இல்ல. எட்டு மாசம் வீட்டை விட்டு வெளிய வரல. சாப்பிடுடானா சாப்பிடுவான், அவ்ளோதான். அம்மா தினமும் எனக்கு போன் பண்ணி அழும். அப்புறம் பக்கத்துல ஒரு பிரைவேட் ஸ்கூல்ல வேன் டிரைவர் வேலை கிடைச்சுது. நம்ம ஊர் ஸ்டேஷன்லயும் அவன் மேல ஒரு கேஸும் இல்லனு சர்டிபிகேட் குடுத்துட்டாங்க. வேலைக்குச் சேர்ந்து நாலே மாசம். எந்தப் பிள்ளை எந்த முனையில ஏறும், எது ஜன்னல் சீட்டுக்கு அடிச்சுக்கும், எது வாந்தி எடுக்கும், எல்லாம் எனக்கே மனப்பாடம் ஆகற அளவுக்கு போன்ல பேசுவான். வாயே திறக்காம கிடந்தவன்ங்க! எனக்கு அண்ணாமலையாரே எதிர்ல வந்த மாதிரி இருந்துச்சு.

இப்ப என் வாய் பண்ண வேலையைக் கேளுங்க. எங்க வீட்ல ரூம் பெருக்கித் துடைக்கிறது உண்ணாமலை. தினமும் கீழ்பென்னாத்தூர்லேர்ந்துதான் பஸ்ல வருவா. ஒருநாள் மாப்பை ஊனிக்கிட்டு நின்னு, "இன்னாக்கா, அந்தம்மா நாள் பூரா எழுதிக்கினே கீறாங்க?"னு கேட்டா.

நான் பெரிய இவளாட்டம் விளக்கம் குடுத்தேன். "வெளிநாட்டுல கள்ளத்தனமா இருந்து ஜெயிலுக்குப் போறாங்க பாரு, அவங்களைப் பத்தி ஆராய்ச்சி. நம்ம கோபி மாதிரி ஆளுங்களைப் பத்தி."

சொல்லி முடிச்சதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். உண்ணாமலை ஒண்ணும் கேக்காத மாதிரி மாப்பைப் பிழிஞ்சா. அவ மேல எனக்குக் கோவம் இல்ல. விஷயம்னு ஒண்ணு கையில கிடைச்சா நான் மட்டும் சும்மா இருந்திருப்பேனா?

நாலாவது நாள் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்புல வந்துச்சு. ரெண்டாங்கிளாஸ் கீர்த்தனாவோட அம்மா தேவிப்ரியா போட்டிருந்தது. 'நம்ம பிள்ளைங்க போற வேன் டிரைவர் மலேசியாவுல கள்ளத்தனமா இருந்து ஜெயிலுக்குப் போனவர். இது தெரிஞ்சுதான் வேலைக்கு வெச்சீங்களா?' அதுக்குக் கீழ நாப்பது பேர் கோவமா எழுதியிருந்தாங்க. சனிக்கிழமை காலையில பெற்றோர் கூட்டம், அது வரைக்கும் கோபி வண்டி எடுக்க வேணாம்னு தாளாளர் சக்கரபாணி சொல்லிட்டார்.

கோபி அதை எனக்கு அனுப்பிட்டு போன் பண்ணான். "அக்கா, யார்கிட்டயாவது சொன்னியா?"

"நான் யார்கிட்டடா சொல்லப் போறேன்?"னேன். கூசாம சொன்னேன். போனை வெச்சப்புறம் சமையல்கட்டுல உக்காந்து அழுதேன்.

மரிசோல் இறங்கி வந்து என்னாச்சுனு கேட்டாங்க. கொட்டிட்டேன். கேட்டுட்டு, "அந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்லு"னாங்க.

"கள்ளத்தனமா."

"வேற எதுக்கெல்லாம் 'கள்ள' போடுவீங்க?"

"கள்ளநோட்டு. கள்ளச்சாராயம். கள்ளச்சாவி." அடுத்தது வாய் வரைக்கும் வந்துச்சு, மானம் போகும்னு நிறுத்திக்கிட்டேன்.

"அப்போ கள்ளன்னா திருடனா?"

ஆமாம்னு தலையாட்டினேன். என் தம்பியை நானே திருடன்னு சொல்லியிருக்கேன், அது அப்பதான் எனக்கே உறைச்சுது. அவன் என்னத்தைத் திருடினான்? ஒரு ஸ்பூன் கூட எடுத்ததில்லைங்க அந்தப் பையன்.

"எங்க அப்பாவுக்கும் இதே மாதிரி ஒரு வார்த்தை வெச்சிருந்தாங்க"னாங்க மரிசோல். அவருக்கு ஸ்ட்ராபெரி தோட்டத்துல வேலை. இவங்களுக்குப் பதினோரு வயசு இருக்கும்போது பிடிச்சு நாடு கடத்திட்டாங்க. ஸ்கூல்ல பிள்ளைங்க அந்த வார்த்தையைச் சொல்லிக் கத்துவாங்களாம். இவங்க வீட்டுக்கு வந்து அகராதியை எடுத்து, அப்பா என்ன தப்பு பண்ணார்னு தேடுவாங்களாம். "அந்தத் தேடல்தான் தனம் எனக்குப் படிப்பா ஆயிடுச்சு"னு சொல்லி மூக்கை உறிஞ்சினாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து அழுதோம். அடுப்புல பால் பொங்கி வழிஞ்சுது.

எனக்கு உடனே ஒரு யோசனை. "நீங்க கூட்டத்துக்கு வாங்க. உங்க ஆராய்ச்சியை எடுத்து விடுங்க. வெளிநாட்டு டாக்டர் சொன்னா ஊர் கேக்கும்."

"வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்கதான் ஜாஸ்தி குற்றம் பண்றாங்கன்றது பொய்யினு நானும் வருஷக்கணக்கா புள்ளிவிவரம் காட்டறேன். பயந்து கிடக்கறவங்க யாரும் அதைப் பார்த்து பயம் தெளியல. வரேன். ஆனா உன் தம்பிக்குப் பதிலா நான் பேச மாட்டேன். அவர்தான் அங்க இருக்காரே."

எனக்குச் சுருக்குனு கோவம் வந்துச்சு. என்ன பொம்பளை இவங்க, உதவி கேட்டா பாடம் எடுக்கறாங்கனு முனகிக்கிட்டே அடுப்பைத் துடைச்சேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோபி வீட்டுக்கு வந்தான். முகத்துல ஈயாடல. மரிசோல் அவன்கிட்ட பேச ஆசைப்பட்டாங்க. அவங்க வேலைமுறைப்படி, பேசறதுக்கு முன்னாடி சம்மதக் கடிதத்துல கையெழுத்து வாங்கணுமாம். கடிதத்தைப் பார்த்ததும் கோபி கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டான்.

"அக்கா, படிக்கத் தெரியாத பாஷையில கையெழுத்து போட்டுத்தான் மாட்டினேன். வேணாம்னு சொல்லு."

நான் சொல்றதுக்குள்ள அந்தம்மா கடிதத்தை மடிச்சுப் பையில போட்டுட்டாங்க. நோட்டையும் மூடிட்டாங்க. "ஆராய்ச்சிக்கு இல்ல. எனக்குத் தெரிஞ்சுக்கணும், அவ்ளோதான். பிடிச்சா சொல்லுங்க"னு சொல்லிட்டு, அவங்க எல்லார்கிட்டயும் கேக்கற அந்தக் கேள்வியைக் கேட்டாங்க. நான் தமிழ்ல சொன்னேன். கோபி எழுந்து, செருப்பை மாட்டிக்கிட்டு பஸ்ஸுக்குப் போயிட்டான். போச்சுடா, நாளைக்கும் இப்படித்தான் வாயை மூடிக்கிட்டு நிக்கப் போறான்னு எனக்கு அடிச்சுக்கிச்சு.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஸ்கூல் ஹால் நிறைஞ்சிருந்துச்சு. மரிசோல் ஒரு சுடிதார்ல வந்து கடைசி பெஞ்சுல உக்காந்தாங்க. பக்கத்துல இருந்த ஒரு அம்மா, "உங்க பாப்பா எந்த கிளாஸுங்க?"னு அவங்ககிட்ட விசாரிச்சுக்கிட்டிருந்தது என் காதுல விழுந்துச்சு. வெளிநாட்டு டாக்டர் மரியாதையும் அத்தோட போச்சு.

சக்கரபாணி நல்ல மனுஷன்தான், ஆனா யார் சத்தம் ஜாஸ்தியோ அந்தப் பக்கம் சாய்வார். "தம்பி, இதை ஏன் முதல்லயே எங்ககிட்ட சொல்லல?"னு கேட்டார்.

"சொல்லியிருந்தா வேலை குடுத்திருப்பீங்களா சார்?"னான் கோபி. ஹால்ல சலசலப்பு.

தேவிப்ரியா எழுந்துச்சு. முப்பது வயசு இருக்கும், கண்ணுக்குக் கீழ கருப்பா இருந்துச்சு. "எனக்கு ஒரே பொண்ணு. காலையில வேன்ல ஏத்தி விட்டா சாயங்காலம் வரைக்கும் நான் யாரை நம்பறது? ஜெயிலுக்குப் போனதை மறைச்சவரு நாளைக்கு வேற எதை மறைப்பாரோ?"

எனக்குக் கோவம் உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. எழுந்து நின்னு, "இங்க வண்டியில வந்தவங்க எல்லாம் லைசென்ஸ், இன்சூரன்ஸ் எடுத்துக் காட்டுங்க பார்ப்போம்! எத்தனை பேருது காலாவதி ஆயிருக்குனு தெரிஞ்சுடும்!"னு கத்தினேன். முன்னாடி வரிசையில ஒருத்தர் சட்டைப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கிட்டார். நாலு பேர் சிரிச்சாங்க. ஆனா மத்தவங்க முகம் எல்லாம் சுருங்கிடுச்சு. "ஏம்மா, தப்பு பண்ணது உன் தம்பி, எங்களை ஏன் மிரட்டற?"னு ஒரு பெரியவர் எகிறினார். சக்கரபாணி மேஜையைத் தட்டினார். கதை கந்தலாயிடுச்சு. ஒருத்தர், "இன்னைக்கே முடிச்சு அனுப்புங்க சார்"னே சொல்லிட்டார்.

கோபி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை என்னால தாங்க முடியல.

"இதை வெளிய விட்டது நான்தான்"னேன். "டேய் கோபி, உன்கிட்ட பொய் சொன்னேன்டா. என் வாய்லேர்ந்துதான் வந்துச்சு. அந்தக் 'கள்ளத்தனமா'ங்கற வார்த்தையைப் போட்டதும் நான்தான். அது உண்மை இல்ல. இவன் எதையும் திருடல. என்னை என்ன வேணா சொல்லுங்க, அவனை விட்டுடுங்க."

ஹால்ல சத்தம் அடங்கிடுச்சு. கோபி திட்டுவான்னு நினைச்சேன். அவன் மேஜைகிட்ட போயி, பெத்தவங்க பக்கம் திரும்பினான்.

"என் பர்மிட்டு ஒரு வியாழக்கிழமையோட முடிஞ்சுது"னு ஆரம்பிச்சான். குரல் மெதுவாத்தான் வந்துச்சு. "அன்னிக்கு நான் நூத்தி இருபது பரோட்டா போட்டேன். புதன்கிழமையும் நூத்தி இருபதுதான். ராத்திரி கல்லைக் கழுவி வெச்சுட்டுப் படுத்தேன். பாஸ்போர்ட்டு முதலாளிகிட்ட. தேதி முடிஞ்சது எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை எழுந்து மாவு பிசைஞ்சேன், அன்னிக்கும் நூத்தி இருபது. வியாழக்கிழமை வரைக்கும் நல்ல பையன். வெள்ளிக்கிழமை திருடன். நடுவுல நான் தூங்கிக்கிட்டுதாங்க இருந்தேன். தூங்கும்போது நான் என்னங்க தப்பு பண்ணேன்?"

எகிறின பெரியவர் மெதுவா உக்காந்தார்.

"மறைச்சது தப்புதான். வெக்கமா இருந்துச்சு, மறைச்சேன். உள்ள இருந்த நூத்தி பத்து நாளும் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடல, நம்பர்தான். இங்க வேன்ல பிள்ளைங்க 'கோபி அண்ணா'னு கூப்பிடும். அதுக்காகத்தான் சார் இந்த வேலை எனக்கு வேணும். எந்தப் பிள்ளையையும் ஒருநாள் கூட நான் லேட்டா விட்டதில்ல. வேற சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

நான் முந்தானையை வாயில வெச்சு அமுத்திக்கிட்டேன். கடைசி பெஞ்சுல மரிசோலுக்கு ஒரு வார்த்தை கூட புரியல, ஆனா அவங்களும் கண்ணைத் துடைச்சுக்கிட்டிருந்தாங்க. பக்கத்து அம்மா அவங்க முதுகைத் தடவிக் குடுத்துச்சு.

சக்கரபாணி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். யார் சத்தமும் இல்லாததால சாயறதுக்குப் பக்கம் இல்ல, தானாவே முடிவு பண்ண வேண்டியதாப் போச்சு. "வண்டியைத் திங்கள்கிழமை கோபியே எடுக்கட்டும். முதல் பத்து நாள் நானும் கூடவே உக்காந்து வரேன். அதுக்கப்புறமும் இஷ்டம் இல்லாதவங்க பிள்ளையைத் தனியா கொண்டு வந்து விடலாம்." ரெண்டு குடும்பம் அங்கயே எழுந்து, நாங்க விட்டுக்கறோம்னு சொல்லிட்டுப் போனாங்க. மத்தவங்க உக்காந்திருந்தாங்க. தேவிப்ரியா விறுவிறுனு வெளிய போயிடுச்சு.

கூட்டம் கலைஞ்சு நாங்க ஸ்கூல் கேட் பக்கம் வந்தோம். கோபி என்கிட்ட வந்து, "அறிவிருக்கா உனக்கு? இன்சூரன்ஸ் காட்டுங்கன்ற, உன் வண்டிக்கே இன்சூரன்ஸ் இல்ல"னான். சொல்லிட்டு சிரிச்சான். நாலு வருஷம் கழிச்சு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். அவன் தோள்ல ஓங்கி ஒண்ணு போட்டுட்டு, "மன்னிச்சுடுடா"னேன்.

அப்பதான் பார்த்தேன், வேன் ஓரமா தேவிப்ரியா நின்னுக்கிட்டிருந்துச்சு. போனைக் கையில வெச்சு முறுக்கிக்கிட்டிருந்துச்சு. இன்னும் சண்டையானு நான் புடவையை இழுத்துச் சொருகினேன்.

அது என்னைப் பார்க்கவே இல்ல. நேரா கோபிகிட்ட வந்துச்சு. "எங்க வீட்டுக்காரர் ராஜா மலேசியாவுல, ஜோகூர்ல இருக்கார். கட்டட வேலை. மூணு மாசமா சரியா பேசறதில்ல. கேட்டா ஒண்ணுமில்லன்றார். பர்மிட்டை போட்டோ எடுத்து அனுப்புங்கனு நச்சரிச்சு வாங்கினேன். எனக்கு ஒரு எழுத்தும் புரியல." போனை அவன்கிட்ட நீட்டுச்சு. "உங்களைப் பத்திக் கேள்விப்பட்டதும் எனக்கு... அவருக்கும் இப்படி ஆயிடுமோனு பயத்துல என்னென்னவோ எழுதிட்டேன்."

அடிப்பாவி, இதுதானா விஷயம்! எனக்கு இருந்த கோவம் எல்லாம் எங்க போச்சோ தெரியல.

கோபி போனை வாங்கி, வெயில் படாம கையால மறைச்சுக்கிட்டு, படத்தைப் பெருசாக்கிப் பார்த்தான். "தேதி முடிய இன்னும் அஞ்சு வாரம் இருக்குதுங்க"னான். "அஞ்சு வாரம்னா நிறைய பண்ணலாம். தூதரகத்துக்கு எழுதலாம். இப்பவே அவருக்குப் போன் போடுங்க."

அது நம்பரைப் போட்டு அவன் கையில குடுத்துச்சு. மணி அடிக்குது, அடிக்குது, எடுக்கல. மறுபடியும் போட்டாங்க. மூணாவது தடவை ஒரு ஆம்பளைக் குரல், ஈனஸ்வரமா, "யாரு?"னு கேட்டுச்சு.

கோபி தேவிப்ரியா முகத்தைப் பார்த்தான். அது கண்ணைத் துடைச்சுக்கிட்டு, பேசுங்கனு தலையாட்டுச்சு.

"அண்ணே, பயப்படாதீங்க"னான். "நான் கோபி. உங்க கீர்த்தனா போற ஸ்கூல் வேனோட டிரைவர் பேசறேன்."